இடது பக்கத்து பிரேக்கு

அந்தப் பையக் கொஞ்சம் அக்கட்ட நகர்த்திக்கறீங்ளா? என்ற காலு அதுல படுது. உள்ள என்னங்க, தேங்கா பன்னா? மேல வெக்க எடமில்லையா? சேரி, இருக்கட்டும், நான் பாத்து வெச்சுக்கறேன். இந்த டிரைவர் ஓட்டற ஓட்டத்துக்குக் கால ஊனாம உக்கார முடியாதுங்க. ஆழியாறு வர்றதுக்குள்ள மூணு எடத்துல கியர் கத்திப்போச்சு. எவங்கிட்டப் படிச்சானோ. எங்கிட்டப் படிக்கல, அது மட்டும் நிச்சயம்.

நானுங்ளா? பொள்ளாச்சி. நாச்சிமுத்துன்னு பேரு. மயில் டிரைவிங் ஸ்கூல் கேள்விப்பட்டிருப்பீங்க. இல்லையா? அப்ப நீங்க வெளியூரு. முப்பத்தொரு வருசமுங்க, மூவாயிரத்துச் சொச்சம் பேரு. வக்கீலு, டாக்டரு, தேங்கா மண்டிக்காரனுக, எல்லாத்துக்கும் கையும் காலும் பழக்கிவிட்டது நாந்தான். அதுல ஒருத்தனுக்காச்சும் வண்டி ஓட்டத் தெரியுமான்னு கேளுங்க. தெரியாது. இடது பக்கத்துல நான் உக்காந்திருந்தேன், அதனால ஓட்டுனானுக.

ஸ்கூல் வண்டியில இடது பக்கமும் ஒரு பிரேக்கு இருக்கும், பாத்திருப்பீங்க. சொல்லிக் குடுக்கறவன் காலு அதுமேலயே இருக்கோணும். எடுக்கவே கூடாது. ஓட்டறவன் முட்டாளுன்னு நெனச்சுட்டுத்தான் உக்காரோணும். அப்பிடி உக்காந்ததாலதான் முப்பத்தொரு வருசத்துல என்ற வண்டியில ஒரு கீறல் இல்ல. பாருங்க, பாருங்க, இவன் எங்க திருப்பறான் பாருங்க!

கார் வெச்சுட்டு எதுக்குப் பஸ்ல வர்றேன்னு கேக்கறீங்க. கேக்கத்தான் செய்வீங்க. கார் காத்தால ஏழு மணிக்கே கெளம்பி இந்த ரோட்டுலதான் போயிருக்குது. என்ற மருமக ஓட்டறா. எங்கூட்டுக்காரி பக்கத்துல உக்காந்திருக்கா. முன்னால, என்ற சீட்டுல.

எல்லாம் ஒரு பேரிங்கால வந்த வெனை.

போன சித்திரையில ஸ்கூல மூடிட்டேன். வண்டி ஊட்டுக்கு வந்துருச்சு. சின்ன வண்டி, இருவது வருசத்துது. ஆடி மாசத்துல பொறகால இருந்து ஒரு சத்தம் வந்துது. வேகம் கூடக் கூட 'ஊஊம்'முன்னு கூடும், மெதுவாப் போனா அதுவும் கொறையும். நான் கேட்ட ஒடனே சொல்லிப்போட்டேன், டயருன்னு. டயர மாத்துனோம். சத்தம் போகல. சேரி, அப்ப ரோடு சரியில்லன்னு சொன்னேன்.

அதுக்கு இந்தப் பிரதீபா, மருமக பேரு பிரதீபாங்க, என்ன கேட்டா தெரியுமுங்ளா? "எல்லா ரோடுமா மாமா?"ன்னு. மூஞ்சியில ஒரு சிரிப்புக்கூட இல்ல. சிரிச்சுட்டுக் கேட்டிருந்தாலாச்சும் திட்டியிருப்பேன்.

அவ பொறந்த எடத்தச் சொல்லிப்போடறேன், அப்பத்தான் உங்களுக்குப் புரியும். உடுமலைப் பக்கம். அவங்கப்பன் கெணத்து மோட்டாருக்குக் காயில் கட்டற கடை வெச்சிருக்கறான். இவ பள்ளிக்கூடம் விட்டு வந்து அங்கதான் உக்காந்திருப்பாளாம். மோட்டார் பேரிங் மாத்தறது அவளுக்குக் காய் நறுக்கற மாதிரியாம். எங்கூட்டுக்காரி இத ஊரு பூராச் சொல்லிட்டுத் திரியறா. தண்ணி எறைக்கற மோட்டாரும் மனுசன் போற வண்டியும் ஒண்ணாங்க? நீங்களே சொல்லுங்க. என்ற பையன் நந்தகோபால் பெங்களூருல இருக்கறான். வாரக்கடைசியில வருவான், வந்தாலும் அவ சொல்றதுக்குத் தலையாட்டிட்டுப் போயிருவான்.

அவ ஒரு நாள் வாசல்ல வண்டியத் தூக்கி நிறுத்திப்போட்டா. ஜாக்கி வெச்சு, முன் சக்கரத்துக்கு ரெண்டு கல்ல அண்டக் குடுத்து. பொறகால இடது சக்கரத்தக் கையில சுத்திவிட்டுட்டு, நீளமா ஒரு ஸ்க்ரூடிரைவரு, அதோட நுனிய அச்சுல வெச்சு, புடியக் காதுல வெச்சுக் கேக்கறா. டாக்டரு நெஞ்சுல வெச்சுக் கேக்கற மாதிரி. தெருவுல போறவிக எல்லாம் நின்னு பாக்கறாங்க. எனக்கு மானம் போச்சுங்க.

"பேரிங்தான் மாமா. கரகரங்குது, நீங்க கேளுங்க"ன்னு நீட்டறா.

நான் எதுக்குக் கேக்கோணும்? முப்பத்தொரு வருசம் காதுல கேக்காததா இதுல கேக்கப் போகுது? "ஒர்க்ஷாப்புல குடு அம்மணி"ன்னு சொன்னேன். "அவிக பத்து நாள் ஆகும்ங்கறாங்க மாமா. அத்தைக்கு வால்பாறை போகோணுமில்ல"ன்னா.

அதுதான் அவசரம். என்ற நங்கையா, எங்கூட்டுக்காரிக்கு மூத்தவ, பொன்னாத்தாள்னு பேரு, வால்பாறையில மக ஊட்டுல இருக்கறா. கண்ணு ரெண்டும் மங்கிட்டே வருதாம். 'மூஞ்சி தெரியறப்பவே ஒருக்கா வந்துட்டுப் போடி மயிலா'ன்னு சொல்லியனுப்பிச்சா. எங்கூட்டுக்காரி பேரு மயிலாத்தாள். ஆமாங்க, ஸ்கூலுக்கு வெச்சது அவ பேருதான். இல்லீங்க, அவளுக்கு ஓட்டத் தெரியாது. கார்ல உக்காரவே வக்கில்லாதவ, அவ எங்க ஓட்டறது?

ஒம்பது வருசமா அக்காளப் பாக்கல. நான் கூட்டிட்டுப் போகாம இல்ல. மூணு தடவ கூட்டிட்டு வந்தேன். வண்டி ஏறுனா வாந்தி. ஊட்டுல கெளம்பறப்பவே எலுமிச்சம்பழம், இஞ்சி, பிளாஸ்டிக் கவரு, எல்லாம் மடியில வெச்சுட்டுப் பின் சீட்டுல ஒரு மூலையில சுருண்டுக்குவா. பித்த ஒடம்பு. பஸ்ல போறேன்னு ஒருக்காக் கேட்டா. நான் உடல. டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்கறவன் பொண்டாட்டி பஸ்ல போனா நாலு பேரு என்ன பேசுவான்?

நான் எப்பவும் ஓட்டறதில்லீங்க. லைசென்ஸ் புதுசா வாங்குன பசங்கள்ல ஒருத்தனக் கூட்டிக்குவேன். அப்பறம் பையன் தலையெடுத்துட்டான், அவன் ஓட்டுவான். நான் இடது சீட்டுதான். கால் அங்கதான் இருக்கும். மலையேறறப்ப இன்னும் சாக்கிரதையா அமுத்தி அமுத்தி உடோணும்.

இது எத்தனாவது வளைவு? எட்டா? இருங்க, அடுத்ததுல காட்டறேன்.

எங்க உட்டேன்? ஆங், சக்கரம். அச்சு நுனியில ஒரு மூடி இருக்குமுங்க, அதக் கெளப்புனா நட்டு, நட்டு கழண்டுக்காம இருக்கறதுக்கு ஊசி மாதிரி ஒரு பின்னு. பின்னக் கொறடுல நிமித்தி உருவுனா, நட்டக் கழட்டுனா. அப்பறம் டிரம்மு. சக்கரத்துக்குள்ள வட்டமா ஒரு இரும்புச் சட்டி, பேரிங் அதுக்குள்ளதான் இருக்குது. அது அசையவே இல்ல. இருவது வருசமாப் புடிச்சுட்டு உக்காந்திருக்குதுல்ல? எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோசமுங்க. பொய் சொல்ல மாட்டேன், சந்தோசந்தான். திண்டாடட்டும்னு நாற்காலியப் போட்டு உக்காந்துட்டேன்.

அவ என்ன பண்ணுனா, கழட்டுன டயர மறுபடியும் அந்த டிரம்மு மேலயே மாட்டி, ரெண்டு கையில டயரப் புடிச்சு இந்தப்பக்கம் அந்தப்பக்கம் ஆட்டி ஒரு இழுப்பு இழுத்தா பாருங்க. டயரு, டிரம்மு, அவ, மூணும் சேந்து பொறகால போயி மண்ணுல உக்காந்துருச்சு. நான் சிரிச்சேன். எங்கூட்டுக்காரி கை தட்டறா! கல்யாணமாகி நாப்பத்தோரு வருசத்துல எனக்கு ஒரு தடவ கை தட்டியிருப்பாளா?

இதா, இதா, இந்த எடந்தான். ஒம்பதாவது வளைவு. பாருங்க கூட்டத்த. டேமு மொத்தமும் இங்கிருந்து தெரியும், எல்லாரும் எறங்கி போட்டோ எடுப்பாங்க. எங்கூட்டுக்காரி இங்க எறங்கி அந்தச் செவுத்தப் புடிச்சுட்டு நிப்பா. மூணு தடவயும் இதே எடத்துல. குடலு வெளிய வர்ற மாதிரி எடுப்பா. மூணாவது தடவ மயங்கியே உழுந்துட்டா. இங்கிருந்துதான் வண்டியத் திருப்புனோம். 'உனக்கெல்லாம் மலை எதுக்கு'ன்னு நான் சத்தம் போட்டேன். கோவத்துலதான். அதுக்கப்பறம் அவ அக்காளப் பத்தி எங்கிட்டப் பேசறதில்ல.

கால் படுதுங்ளா? இல்லையே, நான் தரையிலதான வெச்சிருக்கறேன்.

கேளுங்க. டிரம்மக் கவுத்துப் பாத்தா, உள்ளாற நீல நெறமா மினுக்குது. கிரீஸ் இருந்த எடத்துல கருகுன பால்ச்சட்டி அடி மாதிரி கருப்பா ஒட்டிட்டு இருக்குது. அவ மோந்து பாத்தா. பேரிங்கச் சுத்துனா கல்லுக் கடிக்குது. எங்கிட்ட வந்து, "மாமா, இது தேஞ்சு போனதில்ல, வெந்து போனது. வண்டி ஓடறப்பவே பிரேக்க லேசாப் புடிச்சுட்டே இருந்தாத்தான் டிரம்மு இந்தச் சூடு சூடாகும். கிரீஸ் உருகி ஓடிருச்சு. யாரோ பிரேக்குல கால் வெச்சுட்டே வர்றாங்க"ன்னா.

அவளப் பத்தி அவளே ஒத்துக்கறான்னு நெனச்சுட்டேன். பொம்பளைக அப்பிடித்தான ஓட்டுவாங்க? பெருந்தன்மையா, "சேரி உடு, இனிமேலாச்சும் பாத்து ஓட்டு அம்மணி"ன்னு சொன்னேன். அவ என்னையவே பாத்துட்டு நின்னா. அப்பறம் எங்கூட்டுக்காரியப் பாத்தா. எங்கூட்டுக்காரி முந்தானைய வாயில வெச்சுட்டு உள்ள போயிட்டா.

அடுத்த கூத்தக் கேளுங்க. புதுப் பேரிங்க வாங்கிட்டு வந்து ஃபிரிட்ஜுல வெச்சுட்டா! மேல ஐஸ் கட்டற எடத்துல. நான் ராத்திரிக்குத் தண்ணி எடுக்கப் போனா, பால் பாக்கெட்டுக்குப் பக்கத்துல நாலு பேரிங்கு தூங்குது. காத்தால குளிக்கலாம்னு துண்டக் கட்டிட்டுப் போனா, வெந்நீர் அண்டாவுக்குள்ள டிரம்மு கொதிச்சுட்டு இருக்குது. எனக்கு முன்னால அது குளிக்குது. கேட்டா, "பேரிங் குளுந்தா இத்தினியூண்டு சுருங்கும் மாமா, டிரம்மு காஞ்சா இத்தினியூண்டு விரியும். அடிக்காமயே உள்ள போயிரும்"னு வெளக்கம். ஒர்க்ஷாப்புல சம்மட்டி வெச்சு அடிச்சுத்தான் நான் பாத்திருக்கறேன். இந்தச் சமையக்கட்டு வித்தைய எவன் கேட்டான்?

போச்சா இல்லையான்னா, போச்சுங்க. துணியில புடிச்சுத் தொடச்சு உள்ள உட்டா 'டொக்'குன்னு உக்காந்துருச்சு. கடைசிக்குக் கொஞ்சூண்டு நின்னுது, பழைய பேரிங்க மேல வெச்சு நாலு தட்டு. அவ்வளவுதான். வலது சக்கரத்துக்கும் அதையே பண்ணுனா. புது கிரீஸ், புதுப் பின்னு. பழைய பின்னே நல்லாத்தான் இருந்துதுன்னு நான் சொன்னேன். அது ஒண்ணுதான் அவ பண்ணுன தப்புன்னு எனக்குக் கெடச்சுது.

சாயங்காலம் மூணு பேரும் அம்பராம்பாளையம் வரைக்கும் போனோம். அவ ஓட்டறா, நான் என்ற சீட்டுல, எங்கூட்டுக்காரி பொறகால கவரோட. சத்தம் போயிருச்சு. சத்தம் இல்லாததே ஒரு மாதிரி இருந்துது, எதுக்குக் காதக் குடுக்கறதுன்னே தெரியல. ஊட்டு வாசல்ல நிறுத்துனதும் பிரதீபா ஒரு சொம்புத் தண்ணியக் கொண்டாந்து பொறகால சக்கரத்துக்குள்ள, டிரம்மு மேல தெளிச்சா. 'சொய்'யின்னு தோசைக்கல்லு மாதிரி சத்தம். எங்கூட்டுக்காரி எறங்கி ஒரு மூலையில வாந்தி எடுத்துட்டு இருக்கறா.

"மாமா, ஒரே ஒருக்கா பின் சீட்டுல உக்காருங்க, மறுபடியும் போயிட்டு வரலாம்"னா. எதுக்குன்னு கேட்டேன், சும்மாங்கன்னா. டிரம்மு ஆறுற வரைக்கும் காத்திருந்து, எங்கூட்டுக்காரிய உட்டுட்டு, நாங்க ரெண்டு பேரும் அதே ரோட்டுல போயிட்டு வந்தோம். பொறகால உக்காந்துட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காலுக்கு அடியில ஒண்ணுமே இல்ல. கெணத்துல தொங்கற மாதிரி. வந்து தண்ணியத் தெளிச்சா, சும்மா வழிஞ்சு ஓடுது.

"பாத்தீங்ளா மாமா?"

"வெயில் எறங்கிருச்சுல்ல"ன்னேன். ஆறு மணிக்கு மேல எதுங்க சூடாகும்?

அப்பவும் அவ கொரல ஒசத்தல. அதுதான் எனக்குப் புடிக்காதது. "இப்பிடியே போனா புதுப் பேரிங்கும் ஆறு மாசம் தாங்காது மாமா. ஸ்கூலும் மூடியாச்சு. அந்த இடது பெடலக் கழட்டிரட்டுமா?"ன்னு கேட்டா.

"கழட்டுனா அந்த வண்டியில நான் ஏற மாட்டேன்"னு சொன்னேன். இந்த வார்த்தைக்கு ஊடே அடங்கிரும்னு நெனச்சேன்.

எங்கூட்டுக்காரி வாயக் கொப்பளிச்சுட்டு வாசப்படியில நின்னுட்டு இருந்தா. என்னையப் பாக்கல. "கழட்டு கண்ணு"ன்னா.

ரெண்டே வார்த்தை. நாப்பத்தோரு வருசங்க.

இதா, கழட்டுன பெடலு என்ற பையிலதான் இருக்குது. புடிச்சுப் பாருங்க, என்ன கனம்! ரப்பரு எப்பிடித் தேஞ்சு வழுவழுன்னு இருக்குது பாருங்க. இந்த நாலாவது வண்டிக்கு மாட்டுன பெடலு இது. மொதல் மூணு வண்டிக்கும் இதே மாதிரி தேஞ்சுது. வால்பாறையில எங்கிட்டப் படிச்ச ஒருத்தன் வெல்டிங் பட்டறை வெச்சிருக்கறான். இவிக அக்கா ஊட்டுல பேசிட்டு இருக்கறப்ப வண்டிய ஓட்டிட்டுப் போயி மாட்டிட்டு வந்தரலாம்னு கொண்டாந்தேன். எறங்கறப்ப பிரேக்கு இல்லாம எப்பிடிங்க? அதுவும் அவிக போயிச் சேந்திருந்தாத்தான். எங்கூட்டுக்காரி ஒம்பதாவது வளைவுல செவுத்தப் புடிச்சுட்டு நின்னிருப்பா. நின்னு, திரும்பி ஊட்டுக்கே போயிருப்பாங்க. அப்பத் தெரியும், பெடலுக்கும் வாந்திக்கும் ஒரு சம்மந்தமும் இல்லைன்னு. யாரா? யாரும் சொல்லல. சம்மந்தம் இருக்குதுன்னு யாரும் வாயத் தொறந்து சொல்லல. நானா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

போன் அடிக்குது. இத்தன நேரம் டவர் இல்ல. இருங்க, எங்கூட்டுக்காரிதான்.

சொல்லு. எங்க நிக்கறீங்க? என்னது? எப்ப? ம். ம். சாப்ட்டியா? நீயா? எத்தன? சேரி. என்னையக் கேட்டாளா உங்கக்கா? சேரி, சேரி. ம். அதப் பாத்தியா. இல்ல, நான் சொன்னதில்ல. ஏன்னா? எனக்கென்ன தெரியும் ஏன்னு. வெய்யி. வர்றேன்.

அவதானுங்க. போயிச் சேந்து ஒண்ணரை மணி நேரம் ஆச்சாம். அக்காளுக்கு மூஞ்சி தெரிஞ்சுதாம். கன்னத்தத் தடவிப் பாத்து, 'நெத்தியில அந்தத் தழும்பு அப்பிடியே இருக்குதுடி'ன்னாளாம். நாலு இட்லி தின்னிருக்கறா. வழியெல்லாம் ஒரு வாந்தி இல்லியாம். கவரப் பிரிக்கவே இல்லியாம்.

ஒம்பதாவது வளைவுல எறங்கி டேமப் பாத்தாளாம். 'எத்தன அழகா இருக்குதுங்க, தண்ணி பச்சைப் பசேல்னு கெடக்குது, இத்தன வருசமா இத எங்கிட்ட ஏனுங்க சொல்லவே இல்ல'ங்கறா. அவ கொரலு இப்பிடி இருந்து நான் கேட்டதே இல்லீங்க. சின்னப் புள்ளையாட்டம். திரும்பறப்ப நீங்களும் கார்ல வாங்க, பின் சீட்டுல எடமிருக்குதுங்கறா.

பேரிங்தானுங்க. வேற ஒண்ணுமில்ல. பழைய பேரிங்கோட அதிர்ச்சி அவ ஒடம்புக்கு ஒத்துக்கல. புதுசு போட்டதும் சரியாப் போச்சு. சொல்லக்கூடாது, இந்தப் புள்ள பேரிங்க நல்லாத்தான் மாத்தியிருக்கறா. கைத்தெறம இருக்குது. ஒத்துக்கறேன். இத அவகிட்டயே சொல்லிப்போடறேன் போங்க.

என்னங்க? அதுக்கு முந்தின மூணு வண்டியிலயுமான்னா?

முந்தின மூணு வண்டியில பேரிங்கெல்லாம் நல்லாத்தான் இருந்துது. ஒரு சத்தம் இல்ல. அப்பவும் எடுப்பாதான். ஆமா. கல்யாணமான புதுசுல, ஸ்கூல் வெக்கறதுக்கு முன்னால, ஒரு வாடகைக் கார்ல பழனி போனோம். அப்ப எடுக்கல. பாட்டுப் பாடிட்டு வந்தா.

எதுக்குங்க கீழ குனியறீங்க? காலா? என்ற காலு சும்மாத்தான இருக்குது. அட. ஆமாங்க, அமுத்திட்டுத்தான் இருக்கறேன். எப்ப இருந்து? ஆழியாறுல இருந்தேவா?

இருங்க, எடுத்துக்கறேன். பன்னு எல்லாம் நசுங்கிப் போயிருக்குமுங்க. பிரிச்சுப் பாருங்க.